தெளிந்த கிணற்றுத் தண்ணீர்

ஈச்சிலம்பற்றுக்கு அப்பால், வெருகல் ஆற்றங்கரையில் நண்பர்களோடு கூடாரம் போட்டிருந்தேன். காலையில் கலங்கல் தண்ணீரைப் பையில் அள்ளி, அதன் வாயில் சின்ன வடிகட்டியைப் பூட்டிப் பிழிந்துகொண்டிருந்தேன். போத்தலில் தெளிந்த தண்ணீர் விழுந்தது. மாடு தேடி வந்த ஓர் அக்கா நின்று பார்த்தார்.

“உது எல்லாத்தையும் எடுத்துப்போடுமோ, தம்பி?”

“எல்லாம் ஏலாது அக்கா. ஊத்தையும் கிருமியும் இதில மறிபடும். தண்ணியில கரைஞ்சு கிடக்கிறது மறிபடாது.”

அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார்.

“என்ர மனிசன் கிட்னி வருத்தத்தில செத்துப்போயிட்டார். கிணத்துத் தண்ணியில ஏதோ கரைஞ்சு கிடந்ததாலதான் எண்டு டொக்டர்மார் சந்தேகப்பட்டவை. வருத்தம் வரமுதல், டவுன் கடையில ஒரு தண்ணி பில்டரைப் பாத்திட்டு வந்து, வாங்குவம் எண்டு கேட்டவர். எங்கட தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, உது என்னத்துக்கு எண்டு நான்தான் வேண்டாமெண்டனான்.”

பிழிவதை நிறுத்திப் பையைக் கீழே வைத்தேன். அவர் கேட்டார்.

“கரைஞ்சது மறிபடாதெண்டா, அதை வாங்கியிருந்தாலும் அவர் போயிருப்பார், என்ன?”

அவர் கணவர் பார்த்தது எந்த வடிகட்டி என்று எனக்குத் தெரியாது. கரைந்ததையும் பிரித்தெடுக்கும் வடிகட்டிகள் கடைகளில் இருக்கின்றன. அது மட்டும் எனக்குத் தெரியும்.

“ஓம் அக்கா,” என்றேன்.

“அப்ப சரி,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சத் தூரம் போனதும், மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

நான் சொன்னது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. நாளைக்கு அவர் திரும்பி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.