பாலாற்றுப் பாலத்தில் கல்யாணப் பெண்

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வீட்டில் அழுதது நான் ஒருத்திதான். நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா போய்விட்டதால், அப்பாவின் தங்கையான அத்தைதான் என்னை வளர்த்தாள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சிட்லபாக்கத்து வீட்டில் எனக்குத் தலை பின்னுவது முதல் காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வரை எல்லாம் அவள்தான். மாப்பிள்ளை பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தொலைவில் மதுராந்தகத்தில் பள்ளி ஆசிரியர். கல்யாணமும் அங்கேதான், ஒரு கோயிலில். அந்த ஊர்ப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். செங்கல்பட்டைத் தாண்டியதும் வண்டி நின்றது. பிறகு நகரவே இல்லை. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஒரு பாலத்த மூடி வேலை பாத்துகினு கீறாங்க சார். போறது வர்றது எல்லாம் இன்னொண்ணுலதான். அதுலயும் ஒரு லாரி படுத்துகிச்சு.”

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பெரியப்பாவோ பாலத்தின் சரித்திரத்தை ஆரம்பித்துவிட்டார். ஒரு காலத்தில் பாலாற்று மணலில் மாட்டுவண்டியை இறக்கித்தான் அக்கரைக்குப் போவார்களாம். வெள்ளம் வந்தால் கரையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருப்பார்களாம். அப்புறம் ஒரு பாலம் வந்தது. லாரிகள் பெருகியதும் பக்கத்திலேயே இன்னொன்று கட்டினார்கள்.

“இப்ப பழசுக்கு ரிப்பேர். மறுபடியும் ஒரே பாலம். என் சின்ன வயசுக்கே வந்துட்டோம்” என்றார்.

“முகூர்த்தம் பத்தரையோட முடியுதுண்ணா” என்றார் அப்பா.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். பாலம் என் கட்சியில் சேர்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அதற்குள் அப்பா போன் செய்துவிட்டார். அக்கரைக்குக் கார் கொண்டுவருவதாக மாப்பிள்ளை சொன்னாராம். எல்லோரும் இறங்கி, மூடிக் கிடந்த பழைய பாலத்தில் நடந்தோம். அத்தை பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வேலை செய்தவர்கள் கல்யாணப் பெண்ணைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஒரு அக்கா பலகையை இழுத்துப் போட்டு, “பாத்துப் போ தங்கச்சி” என்றாள்.

பாதிப் பாலத்தில் நான் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

“கால் வலிக்குது.”

முன்னால் போன அப்பா திரும்பி முறைத்தார். அத்தை திரும்பி வந்து, புடவை மண்ணில் படப் பக்கத்தில் குந்தினாள். “கால்தான் வலிக்குதா?”

“நீ அங்கயே இருந்துடுவியா?”

“உன்ன விட்டுட்டு நான் எங்கடி போவேன்?”

ஊசி வலிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வகையில் இதையும் சேர்த்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன்.

அப்போது எதிரிலிருந்து மாப்பிள்ளை நடந்தே வந்துவிட்டார். பட்டு வேட்டியெல்லாம் சிமெண்ட் தூசி. நேரமாகிறது என்று அவசரப்படுத்தப்போகிறார் என எல்லோரும் நினைத்தோம். அவரோ எனக்கு இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“செம்பாக்கம் ஏரிகிட்ட ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். உங்க வீட்லேர்ந்து அங்க நடந்து வந்துடலாமா?”

யோசித்துப் பார்த்தேன். “சைக்கிள்ல வரலாம்.”

“அப்ப சரி. சொல்லிடலாம், அந்த வீடே போதும்னு.”

அத்தை அவரைப் பார்த்தாள். அந்த வீட்டைப் பற்றி அவளுக்கும் அதுவரை தெரியாது போலும். கண் மை கரைந்துவிட்டது. நான் எழுந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன். முகூர்த்தம் முடிவதற்குச் சற்று முன்னால் தாலி ஏறியது.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் என் சைக்கிள் தானாகவே செம்பாக்கத்துக்குத் திரும்பும். அத்தை தலை பின்னிவிடுவாள். இருட்டுகிற நேரத்துக்கு மாமா சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்து, முகம் கழுவிக்கொண்டு எனக்குக் கணக்குச் சொல்லித்தருவார். விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் பஸ் ஏறுவார். பாலத்து வேலை முடிகிறவரை போகும்போதும் வரும்போதும் நெரிசலில் நின்றார். முடிந்த பிறகும் அந்த ஆற்றைத் தினம் இரண்டு முறை கடந்தார். நான் கல்லூரியில் சேரும்வரை அப்படித்தான். மதுராந்தகத்தில் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. விடுமுறைக்கு அங்கே போய் அதன் மாடியில் விளையாடியும் இருக்கிறேன். மாமாவுக்குப் பஸ்ஸில் போவது ரொம்பப் பிடிக்கும் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.