சத்து ஊசி

மூடியில் கீறல் விழுந்த சிவப்பு ஃபிளாஸ்க் ஒன்று. தொண்ணூறுகளின் கடைசியில் மாதம் ஒருமுறை அதில் ஐஸ் போட்டு, நடுவே ஊசி மருந்தை வைத்து, திருச்சியிலிருந்து பஸ்ஸில் பெரம்பலூருக்குக் கொண்டுவருவேன். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து என் மாமனார் வந்து, எங்கள் தெரு டாக்டரிடம் அதைப் போட்டுக்கொண்டு போவார். அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்.

திருச்சி டாக்டர் எங்கள் இருவரிடமும் விளக்கமாகவே சொல்லியிருந்தார். ஆண் ஹார்மோன்தான் அந்தக் கட்டிக்குத் தீனி. ஊசி அதை நிறுத்தும். மூன்று மாதத்தில் கட்டி சுருங்கி, அதன் செல்கள் சோர்ந்துவிடும். அப்போது கதிர்வீச்சு கொடுத்தால் எளிதில் சாகும். தாம்பத்தியம் இருக்காது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. வெளியே வந்ததும் மாமனார், "மாப்ள, இதெல்லாம் ஒங்க அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றார். மாமியாரிடம் இந்தப் பேச்சை எடுக்கும் தைரியம் எந்த மருமகனுக்கு உண்டு? "சத்து ஊசிங்க அத்தை. கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒடம்பு தேறணும்ல" என்று சொல்லிவைத்தேன். கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது ஊசிக்கு ஆள் வரவில்லை. விசாரித்தால், முந்திரிக் காலமாம், கொட்டை பொறுக்க ஆள் இல்லையாம். சத்து ஊசிதானே, அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று அத்தை நிறுத்திவிட்டார். ஊசி போட்டதிலிருந்து வியர்த்துக் கொட்டி அவதிப்பட்ட மாமனாருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. திருச்சி டாக்டர் என்னைக் காய்ச்சி எடுத்தார். ஹார்மோன் மறுபடி ஊறியிருக்கும், கரண்ட்டைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், இன்னொரு முறை விட்டால் நோய் எலும்புக்குப் போய்விடலாம், அப்புறம் கையை மீறிவிடும் என்றார்.

மறுநாளே கிளம்பிப் போனேன். மாமனார் தோப்பில் இருந்தார். அத்தை காயப்போட்ட கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், ஆபீஸ் கடிதத்தை வாசிப்பதுபோல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். காது சுட்டது. அத்தையின் கை நின்றுவிட்டது.

"ரெண்டு மூணு மாசமா அந்த மனுசன் வாசல்லயே படுக்குறாரு மாப்ள. எம்மேல ஏதோ வெறுப்புன்னுல்ல நெனச்சேன்."

இப்போதெல்லாம் டாக்டர்கள் மனைவியையும் உட்காரவைத்துத்தான் இதைப் பேசுகிறார்கள். அன்று அது என் வேலையாக இருந்தது. நான் பொய் சொல்லி ஒரு மாதத்தைக் கெடுத்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. நல்லவேளை, கரண்ட் முடிந்தபின் மாமனார் பல வருஷம் இருந்தார்.

அடுத்த ஊசிக்கு இருவரும் ஒன்றாகவே வந்து இறங்கினார்கள். அத்தை முன்னால் நடக்க, மாமனார் என் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லிட்டீங்களாமே" என்றார். பிறகு மெதுவாக, "இப்ப வூட்டுக்குள்ளதான் படுக்குறேன் மாப்ள."