காலர் அக்காவின் நீலப் பம்ப்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். அவள் தைத்த காலர் கோணியதே இல்லை. பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அவள் நெஞ்சுதான் கெட்டுப்போனது. ஆஸ்துமா. தினமும் காலையும் இரவும் வீட்டில் வாயில் வைத்து இழுக்க ஒரு மருந்துப் பம்ப். திடீரென்று இழுப்பு வந்தால் உடனே இழுக்க இன்னொன்று, நீல நிறத்தில்.

அந்த நீலப் பம்ப்தான் வாசலைத் தாண்டக் கூடாது என்றார் புது சூப்பர்வைசர். துணி திருட்டுப் போகிறதாம். அதனால் ஏப்ரனில் பை கிடையாது, சொந்தப் பொருளெல்லாம் வாட்ச்மேன் அறையில். நூல் வெட்டும் கத்தரிக்கு மட்டும் விலக்கு. அதை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். தொலைந்தால் கம்பெனிக்கு நஷ்டமல்லவா?

"சார், அது மருந்து."

"வேணும்னா கேளுங்க, சீட்டு எழுதித் தரேன். போய் எடுத்துக்கலாம்."

"மூச்சே வரலன்னா எப்படி சார் கேக்குறது?"

அவர் அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. அது மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாசலைத் தாண்டி வந்திருந்தது. காலர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து மெஷினில் சட்டைக் கை முனைக்குக் கஃப் தைக்கும் அவள் நாத்தனார் சமாதானம் சொன்னாள். "விடுங்க அண்ணி. பம்ப் பழகிட்டா விடாதாம். கொஞ்ச நாள் இல்லாம இருந்துதான் பாருங்களேன்."

"சோறுகூடத்தான் உனக்குப் பழகிடுச்சு. இல்லாம இருந்து பாரேன்."

மறுவாரம் பஞ்சு பறக்கும் துணி வந்து இறங்கியது. மதியத்துக்குள் அவள் நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்தது. கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் முதுகைக் காட்டி போனில் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் உதடு வெளுப்பதைப் பார்த்த நாத்தனார் எழுந்து ஓடினாள்.

"சீட்டு எங்கம்மா?" என்றார் வாட்ச்மேன்.

"சீட்டு அப்புறம் வரும். எங்க அண்ணி போயிட்டா வர மாட்டாங்க."

பதிலுக்கு நிற்காமல் பம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். காலர் அக்கா குலுக்கி, வாயில் வைத்து அழுத்தி, ஆழமாக இழுத்து, மூச்சைப் பிடித்து வைத்தாள். சற்று விட்டு இன்னொரு தடவை. மெல்ல மெல்ல நெஞ்சு திறந்தது.

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார். "சீட்டு இல்லாம யாரு எடுத்துக் குடுத்தது?"

எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இது என்கிட்டயே இருந்தா தைக்கிறேன். இல்லன்னா நீங்களே காலர் வைங்க சார்."

காலரில்லாத சட்டைகள் மேஜையில் மலைபோல் ஏறின. அடுத்தடுத்த மெஷின்கள் வேலையில்லாமல் நின்றன. சூப்பர்வைசர் மலையைப் பார்த்தார், நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்து நின்ற வாட்ச்மேனைப் பார்த்தார்.

"சரி, வச்சுக்கோங்க. ஆனா ஏப்ரன்ல பை தைக்கக் கூடாது."

"உங்க பையே எனக்கு வேணாம்."

கத்தரி தொங்கிய நாடாவை அவிழ்த்தாள். அதே நாடாவில், கத்தரிக்குப் பக்கத்திலேயே, பம்பை இறுக்கிக் கட்டிக் கழுத்தில் போட்டாள்.

"அண்ணி, நெக்லஸ் ஜோரா இருக்கு," என்றாள் நாத்தனார்.

"பேசாம கஃப்பைத் தை."

காலர் அக்காவுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. மெஷினில் கால் வைத்தவள் நிமிர்ந்தாள்.

"சார், உங்க பையில இருக்கே, அந்தப் பெட்டிக்கு யாரு சீட்டு குடுத்தாங்க?"

அவர் கை தானாகப் போய்ச் சட்டைப் பையை மூடியது.