முந்தலுக்கு ஐந்து மைல்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் ஐம்பத்தேழு மைல். உசிலம்பட்டி இருபத்து நாலு, அங்கிருந்து கணவாய் ஏறி இறங்கி ஆண்டிபட்டி பதின்மூன்று, தேனி பத்து, போடி பத்து. போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தலுக்கு இன்னும் ஐந்து மைல். மோட்டார் அதோடு நின்றுவிட வேண்டியதுதான். அதற்கு மேல் கால் இருந்தால் கால், காசு இருந்தால் ஆள் தூக்குகிற டோலி. இதையெல்லாம் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். 1925-ஆம் வருஷம் தை மாதம் அந்த வழியில் நான் போய்வந்த கதை இது. போகாதவர்கள் படித்துக்கொள்ளுங்கள். போனவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் ஒரு நூல் வியாபாரியிடம் மோட்டார் டிரைவராக இருந்தேன். அந்தக் காலத்தில் டிரைவர் என்றால் சும்மா இல்லை. தெருவில் குழந்தைகள் பின்னால் ஓடிவரும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தால் வண்டி கயிறு பிடித்தாற்போல நேரே போக வேண்டும். போகாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என் ஒரே தங்கை பேச்சியம்மாளைப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த சீனிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். சீனி எழுதியிருந்தார்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக்காய்ச்சல் வருகிறது, ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டாள். தை பத்தாம் தேதி காய்ச்சல் விடுகிற நாள். அன்று நடுப்பகலுக்குள் டோலியில் முந்தலுக்கு இறக்கிவிடுகிறேன், நீங்கள் மோட்டார் கொண்டுவந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், பிழைத்துக்கொள்வாள். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, பெட்ரோல் டின் இரண்டை எடுத்து வண்டியில் வைத்தார். நல்ல மனுஷர்.

காலை 4 மணி. மதுரையை விட்டுக் கிளம்பினேன். பனி. பின் ஸீட்டில் மெத்தையும் தலையணையும் போட்டிருந்தேன். கண் மங்கிப்போன என் அம்மா வாசல் வரை தட்டுத்தடுமாறி வந்து, "வெரசா கூட்டியாந்துருடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

6 மணி. உசிலம்பட்டியில் ஓரணாவுக்கு இட்லியும் காப்பியும். ருசி நினைவில்லை.

6.45. கணவாயில் இறங்கும்போது எதிரே பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. ஒதுங்கினேன். இடது முன்சக்கரம் ஓரத்துப் பாறையில் போய் 'ணங்' என்று மோதியது. இறங்கிப் பார்த்தேன். டயர் தப்பித்தது. ஆனால் முன்சக்கரம் இரண்டையும் இணைக்கிற இரும்புக் கம்பி வில்லாக வளைந்திருந்தது. அதற்குப் பிறகு வண்டி இடது பக்கமே இழுத்தது. பிடித்துப் பிடித்து என் வலது தோள்பட்டை கழன்றுவிட்டது. தேனிக்கு அப்பால் சாலையோரம் முழுக்கப் புளியமரங்கள். ஒவ்வொரு மரமும் வா வா என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

9.30. போடி. அன்று சந்தை நாள். சிலமலை, தேவாரம் பக்கத்து வண்டிகளெல்லாம் மொச்சையும் வாழைக்காயுமாக ஊருக்குள் அடைந்து கிடந்தன. மேற்கே மலை சுவர் எழுப்பினாற்போல நின்றது. ஏலக்காய் மூட்டை இறங்கும் கிட்டங்கித் தெருவில் நுழைந்தால் காற்றே பாயசம் மணக்கிறது. நான் நேரே முந்தலுக்குப் போயிருக்கலாம். ஐந்து மைல்தான். ஆனால் திரும்பும்போது நோயாளியை வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு மைல் இந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று நினைத்தேன். நினைத்தது தப்பில்லை. நடுப்பகலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

மோட்டார்ப் பட்டறை அங்கே ஏது? மாட்டு வண்டிக்குப் பட்டை போடுகிற ஆசாரி ஒருவரைக் காட்டினார்கள். ஐம்பது வயது, மார்பெல்லாம் கரி. மோட்டாரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"இடத்து மாடு சண்டித்தனம் பண்ணுதாக்கும்?" என்றார்.

"மாடு இல்லை ஆசாரியாரே, கம்பி."

"எதுவா இருந்தா என்ன தம்பி, நோகுற பக்கந்தானே இழுக்கும்."

ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, முன்சக்கரங்களுக்கு நடுவே முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு பிடித்தார். இரண்டு விரற்கடை வித்தியாசம். கம்பியைக் கழற்றி உலையில் போட்டு, பழுக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். கை பதறவே இல்லை. அந்தத் தொழில் அழகை வேறு ஒரு நாளில் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

11.15. கம்பியை மாட்டி, சந்தைக்கு வெளியே ஒரு பர்லாங் ஓட்டிப் பார்த்தேன். கையை எடுத்தேன். இடது பக்கம் இழுத்தது. கொஞ்சம்தான். ஒரு சுண்டுவிரலால் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவு.

"இது போதும் தம்பி, போயிட்டு வாங்க. முந்தல் அஞ்சு மைலுதேன். திரும்பி வரையில மிச்சத்தப் பாத்துக்கிருவோம்" என்றார் ஆசாரி.

அவர் அப்படித்தான் சொன்னார். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். நான்தான், "இல்லை, நேரே போகணும். செய்வன திருந்தச் செய்யணும். பதறாத காரியம் சிதறாது" என்று அவருக்கே புத்தி சொன்னேன். பாவி, பழமொழி சொல்ல நேரம் பார்த்தேன்! அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம். ஒரு மணி நேரச் சோலி" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையையும் கழற்றினார். அதுவும் வளைந்திருந்தது. காய்ச்சித் தட்டினார். ஆணி ஒன்று ஒடிந்தது. புதுசு அடித்தார். ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. முந்தலுக்கு ஓர் ஆளை ஓடவிட்டு, வருகிறேன், இருங்கள் என்று சொல்லியனுப்ப என் புத்திக்கு எட்டவில்லை. இந்தா முடிந்துவிடும், இந்தா முடிந்துவிடும் என்று பட்டறை வாசலிலேயே நின்றேன்.

1.45. ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் எடுத்தேன். வண்டி நேரே போனது. சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கூலி ஒன்றரை ரூபாய் கேட்டார், இரண்டு ரூபாயாகக் கொடுத்தேன்.

2.05. முந்தல். பத்துப் பதினைந்து குடிசை, ஒரு சுங்கச் சாவடி, கழுதைகள் நிற்கும் மைதானம், இட்லியும் சுக்குக் காப்பியும் விற்கிற ஒரு கடை. அங்கிருந்து மலைப்பாதை ஏறுகிறது. டோலியைக் காணோம். கடைக்காரம்மாளிடம் ஓடினேன்.

"ஆத்தா, காய்ச்சல்காரப் பொம்பளையை டோலியில கொண்டாந்தாங்களா?"

"நீங்கதேன் அண்ணனா அப்பு? எம்புட்டு நேரம் உங்களையே பாத்துக்கிட்டுக் கெடந்தாக! மலையேறிட்டாக. இப்பத்தேன், அரை மணி நேரம் இருக்கும்."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டோம், அபசகுனம். 'மலையேற்று' என்போம். சாமியாடியை விட்டுச் சாமி போனாலும் மலையேறிவிட்டது என்போம். என் அப்பா கண்ணை மூடியபோது வைத்தியர் வெளியே வந்து, "மலையேறிட்டாக" என்றுதான் சொன்னார். எனக்குப் பத்து வயது. அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் வேறு அர்த்தம் எனக்கு இருந்ததே இல்லை. முந்தலில் இருக்கிறவர்களுக்கோ தினம் விடிந்தால் மலையேறுவதுதான் பிழைப்பு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாதீக அப்பு. நீங்க என்ன செய்வீக, அது தலையெழுத்து. அந்தப் புள்ள கடைசி வரைக்கும் 'எங்க அண்ணன் வந்துரும், எங்க அண்ணன் வந்துரும்'னுதேன் சொல்லுச்சு. அதுக்கு மேல வச்சிருக்க முடியாதுன்னு தூக்கிட்டுப் போயிட்டாக."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நான் கேட்டதில் ஒரு வார்த்தை நிஜமில்லை. சந்தை நாள் என்பதால் முந்தலில் ஒரு மாட்டு வண்டி கூட இல்லை. டோலிக்காரர்கள் இருட்டுமுன் மெட்டு ஏறிவிட வேண்டும். முந்தலில் ராத் தங்கினால் காய்ச்சல் இரட்டிப்பாகும். அதனால் சீனி ஒன்றரை மணி வரை பார்த்துவிட்டு, உயிரோடு இருந்த என் தங்கையை மறுபடி மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அரை மணி நேர தூரம். டோலி தூக்கினவன் எத்தனை வேகம் போவான்? ஓடியிருந்தால் முதல் திருப்பத்தில் பிடித்திருப்பேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தாலே கேட்டிருக்கும்.

நான் போடிக்குத் திரும்பினேன். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்தினால்தான் அவள் போவாள். அதையாவது சரியாகச் செய்வோம் என்று நினைத்தேன். அந்த ஐந்து மைலும் வண்டி நூல் பிடித்தாற்போல நேரே போனது. ஒரு மரத்தில் கொண்டுபோய் மோதினால் என்ன என்றிருந்தது.

3 மணி. ஜவுளிக்கடையில் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்தேன், ஆறு ரூபாய். கடைக்காரர் வழக்கப்படி முனையில் மஞ்சள் தடவக் கிண்ணத்தை எடுத்தார். "கோடி" என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையை மடித்துக் கொடுத்தார். தபாலாபீசுக்குப் போனேன். அம்மாவுக்குத் தந்தி கொடுக்கக் கை வரவில்லை. ஆனை நடமாட்டம், நாலு மணிக்கு மேல் பாதையில் விடமாட்டார்கள் என்றார்கள். அன்று சத்திரத்தில் கிடந்தேன்.

மறுநாள் காலை 5.30. முந்தலில் மோட்டாரை விட்டு ஏறத் தொடங்கினேன். மெட்டு வரை ஏழு மைல் ஏற்றம். முதலில் கள்ளிக்காடு, பிறகு மூங்கில், பிறகு முகத்தில் அடிக்கிற மேகம். உச்சியில் நின்று திரும்பினால் போடி ஒரு கை அகலம்தான். மெட்டைத் தாண்டினால் வேறு உலகம். பெரிய பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் இடுப்பளவு ஏலச்செடி, கால் வைக்குமிடமெல்லாம் அட்டை. இன்னும் ஒன்றரை மைல். மேளச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். கேட்கவில்லை.

10 மணி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் சீனி கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்க மச்சான். நேத்து என்ன ஆச்சு? ரொம்ப நேரம் பாத்தோமே" என்றார். நெற்றியில் திருநீறு. முகத்தில் அழுத தடம் இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அண்ணனா? அண்ணே, வந்துட்டியா!"

கம்பளிக்குள்ளே முகம் மட்டும் தெரிந்தது. கண் இரண்டும் குழி. சிரித்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவள் என் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அந்தச் சேலை இன்னும் என் கையில் இருப்பது எனக்கே தெரிந்தது.

"சீலையா? எனக்கா அண்ணே?"

"உனக்குத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிரித்து மடியில் போட்டுக்கொண்டு தடவினாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்தக் கலரு எங்கிட்ட இல்லவே இல்ல." முனையைத் தேடினாள். "ஆம்பள வாங்குனா இப்படித்தேன். மஞ்சக்கூட வைக்கல பாரு."

சீனி என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். மஞ்சள் இல்லாத புதுச்சேலை எதற்கென்று தெரியாத பெண் தமிழ்நாட்டில் உண்டா? அவள் ஓடிப்போய் மஞ்சளை உரைத்துக் கொண்டுவந்து நாலு முனையிலும் அழுத்தித் தடவினாள்.

"இன்னைக்கு முறைநாள், இறக்கம் தாங்காது. நாளைக்கு விட்டதும் இறக்கிருவோம் மச்சான்" என்றார் சீனி. பேச்சி கேட்கவில்லை. இப்போதே கட்டிவிடச் சொன்னாள். நாளைக்கு அண்ணன் மோட்டாரில் போகும்போது கட்டியிருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பெண் கம்பளிக்கு மேலேயே சுற்றிவிட்டாள்.

மத்தியானம் குளிர் வந்தது. பிறகு காய்ச்சல் ஏறியது. அந்தக் காய்ச்சல் விடவே இல்லை. விடிவதற்கு முன் என் தங்கை போய்விட்டாள். முதல் நாள் அவளை மோட்டாரில் ஏற்றியிருந்தால் அந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருப்பாள். பிழைத்திருப்பாளா என்று கேட்டால் தெரியாது. பிழைத்திருக்கலாம். அந்த 'கலாம்'தான் என்னைக் கொல்கிறது.

ஏலக்காட்டு ஓரத்தில் அடக்கம் செய்தோம். பெரியவர் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி?" என்று கேட்டார். "உடுத்தியிருக்கு" என்றார் சீனி. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அந்த மனுஷன்.

அடுத்த நாள் சாயங்காலம் 6 மணிக்கு மதுரை. இங்கே தெருவில் பூக்காரி கூவுகிறாள், வண்டிகள் போகின்றன, ஒன்றும் மாறவில்லை. சீனியின் தந்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. அம்மா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"கோடி போட்டியாடா?"

"போட்டேம்மா."

"நல்ல சீலைதானே? நூல் கணக்குப் பாத்து மட்டமா வாங்கலியே? எம் புள்ளைக்குப் பிடிச்சிருக்கணுமேடா."

"பிடிச்சிருக்குன்னு சொன்னாம்மா" என்றேன்.