இராசக்கா பொரிக்கச் சொன்ன மீன்

முகாமில் எங்களுக்கும் இராசேஸ்வரி அக்காவுக்கும் நடுவில் ஒரு தறப்பாள்தான் சுவர். நான் செபமாலை சொன்னால் அவவுக்குக் கேட்கும். அவ தேவாரம் படித்தால் எனக்குக் கேட்கும். இப்போது இரண்டு குடும்பமும் முருங்கன் பக்கம் வந்து குடியிருக்கிறோம். அவ தகப்பன் விட்ட துண்டு வயலைச் செய்கிறா. என்ர மனுசன் அமிர்தநாயகம் சந்தியில் வான் ஓடுகிறார்.

இராசக்காவின் மனுசன் சிவசுப்பிரமணியம் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அன்று குடும்பமாக வெளிக்கிட்டு ஆமிப் பக்கம் நடந்திருக்கிறார்கள். பாதி வழியில், குழந்தையின் பால்மாப் பை பங்கருக்குள் விடுபட்டுப் போச்சென்று அவர் திரும்பி ஓடினார். இராசக்கா கைக்குழந்தை அபிசாவை இடுப்பில் வைத்து, எட்டு வயதுக் கபிலனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தா. பின்னால் செல் விழுந்தது. திரும்பிப் பாராமல் நட என்று மகனுக்குச் சொன்னாவாம். தானும் பார்க்கவில்லையாம்.

இதை எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு தரமும் முடிவில், "நான் காணேல்லை லூசியா. காணாததை எப்பிடி நம்பிறது?" என்று கேட்பா. மரணப் பதிவு எடுக்கச் சொல்லிக் கந்தோரில் படிவத்தை நீட்டினபோது, இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றா. நெற்றிப் பொட்டை ஒருநாளும் விட்டதில்லை.

சண்டை முடிந்து ஐந்தாம் வருசம், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை மன்னார்த் தீவுக்குக் கூட்டிப்போவோம் என்று நாள் வைத்தவள் நான்தான். வானுக்கு அன்று ஓட்டம் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இராசக்கா உடனே சம்மதித்தா. முதல்நாள் பின்னேரம் வந்து, மீன் கொஞ்சம் கூடப் பொரிக்கச் சொன்னா. கபிலன் வயிறு நிறையச் சாப்பிட வேணுமாம். நான் நல்ல விளைமீனாக வாங்கிப் பொரித்துக் கட்டினேன்.

காலையில் வானில் ஏறும்போது கபிலன் தேத்தண்ணி வேண்டாமென்றான். நான் பெரிதாக எடுக்கவில்லை.

திருக்கேதீச்சரச் சந்தியில் வான் ஊர்ந்தது. ஈர வேட்டியோடு ஆண்களும் பொடியன்களும் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். றோட்டோரத்தில் சாக்கை விரித்துக் காத்தோட்டிக்காய் குவித்து வைத்து விற்றார்கள். கைப்பான அந்தக் காயை விரதச் சமையலுக்கு வாங்குவார்கள். அதைக் கண்டபிறகுதான் என்ர மனுசன், இன்றைக்கு ஆடி அமாவாசையெல்லோ என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சைவ ஆக்களின் பெரிய நாளில் மீனையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று இராசக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவ வெளியே பார்க்கவேயில்லை. "எங்களுக்கு என்னத்துக்கு? அது தேப்பன் இல்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதம்" என்றா.

அப்போதுதான் விளங்கியது. நாள் தெரியாமல் வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். ஊரில் நின்றால் அயலெல்லாம் விரதம், மகனும் கேட்பான் என்றுதான் அவ வந்திருக்கிறா. கபிலன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, குளித்து வருகிற பொடியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலம் கடந்து தீவுக்குள் போனதும் கழுதைகள் றோட்டை மறித்து நின்றன. என்ர மகன் மில்ரன், "கபிலன், உன்ர சொந்தக்காரர் நிக்கினம், இறங்கிக் கதைச்சிட்டு வா" என்று பகிடி விட்டான். அபிசா விழுந்து விழுந்து சிரித்தாள். கபிலனும் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அந்த ஒருதரம்தான்.

பேசாலைக் கடற்கரையில் பனை நிழலில் பாய் விரித்துச் சாப்பாட்டைப் பிரித்தோம். இராசக்கா தானே மீனை முள் நீக்கி மகனின் சோற்றுக் கோப்பையில் வைத்தா. அவன் கை வைக்கவில்லை.

"நான் விரதம், அம்மா."

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு."

அவ அடுத்த மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே சொன்னா. "கொப்பர் வந்து, நான் உயிரோட இருக்கேக்க ஏன் இவன் விரதம் பிடிச்சவன் எண்டு கேட்டால், நான் என்ன சொல்லுறது?"

"வரமாட்டார். நான் திரும்பிப் பாத்தனான்."

என்ர மனுசன் மற்றப் பிள்ளைகள் இருவரையும் எழுப்பிச் சிப்பி பொறுக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

"பொய் சொல்லாதை" என்றா இராசக்கா. "நீ என்ர கையைத்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனி."

"கையைப் பிடிச்சுக்கொண்டுதான் பாத்தனான். அப்பா பையோட வந்தவர். எங்களுக்குக் கிட்ட வந்திட்டார், அம்மா."

ஐந்து வருசம் அந்தப் பிள்ளை அதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறான். ஆண்டவரே, எட்டு வயது.

இராசக்கா அவனுடைய கோப்பையில் இருந்த மீனை எடுத்துத் தன் வாயில் வைத்தா. கனநேரம் மென்றா. விழுங்க முடியவில்லை. கபிலன் எழும்பி, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்தான். எள்ளும் அரிசியும். வீட்டிலேயே மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் கடலுக்குள் இறங்க, இராசக்கா கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி இருந்தா. அக்கா, பிள்ளை போறான் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவன் என்ன செய்யிறான் எண்டு எனக்குச் சொல்லாதை, லூசியா."

நான் சொல்லவில்லை. அவன் தண்ணீருக்குள் எள்ளை விட்டான். மூன்று தரம் முழுகினான். எங்கள் முறைப்படி செத்தவருக்குச் சொல்லுகிற நித்திய இளைப்பாற்றி செபம் என் வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் அவ இருக்கிறாவே. அதை நிறுத்திவிட்டு, அருள் நிறைந்த மரியே சொன்னேன். அது உயிரோடு இருக்கிறவருக்கும் பொருந்தும்.

அவன் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான். இராசக்கா முகம் திருப்பாமலே துவாயை மட்டும் பின்னுக்கு நீட்டினா. அவன் வாங்கித் துடைத்தான். திரும்பி வரும்போது வானுக்குள் அபிசாதான் கதைத்துக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் நடந்து சில வருசமாகிவிட்டது. பொட்டு இன்னும் இருக்கிறது. படிவத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முதல்நாள் மீன் சொல்லி அனுப்புவா, நானும் குடுத்து விடுவேன். குசினிக்குள் மகனுக்குக் காத்தோட்டிக்காய் பொரித்து வைத்துவிட்டு, அவனுடைய விரதம் பழுதாகக் கூடாதென்று வெளியில் மூன்று கல் வைத்து, வேறு சட்டியில் மீன் சமைத்துத் தான் சாப்பிடுவா.