தண்ணீருக்கு மேல் ஒரு சாண்

ஏழுமலை நட்டு வளர்த்த கோரையை, வாய்க்கால் சுத்தம் என்று சொல்லி இயந்திரத்தால் வேரோடு வாரிவிட்டார்கள். அது தவறு. களை என்று எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. மொட்டையான அந்தக் கரையில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தபோதுதான் கூனிமேட்டிலிருந்து ஏழுமலையின் மகள் போன் செய்தாள்: "பெரியப்பா, அப்பா போயிட்டாரு."

உப்பளத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. என் பிழையைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் மழைக்கு முன் உப்பு அம்பாரத்தை மூட ஓலை போதவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற கோரையைத் தரையோடு ஒட்ட அறுக்கச் சொன்னேன். ஏழுமலை அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒட்ட அறுக்காதண்ணே, செத்துப்பூடும்."

"புல்லுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டியா? அறுப்பா!"

ஒரு தண்டைப் பிளந்து காட்டினார். இலையில்லாத உருண்டைத் தண்டு, உள்ளே வெள்ளைப் பஞ்சு. "இது வழியாத்தான் கெழங்குக்குக் காத்து போவுது. அறுத்த முனை தண்ணில முழுவுனா, மூக்கப் பொத்துன மாதிரி."

அவர் வைத்த அரிவாளை எடுத்து நானே அறுத்தேன். மழையில் வாய்க்கால் ஏறி முனைகளை மூடியது. கிழங்கு அழுகி, பிடிமானம் போன கரை சரிந்தது. மூன்று உப்புப் பாத்திகள் சேறாயின.

அவர் குத்திக்காட்டவில்லை. அடுத்த ஐப்பசியில், முதல் மழைக்கு வாய்க்காலில் உப்பு தணிந்ததும், கழுவெளிச் சதுப்பின் ஓரத்திலிருந்து ஈரச்சாக்கில் கிழங்கு கொண்டுவந்து, தண்டின் முனை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி அறுத்து நட்டார். முழு உப்பில் அது வேர்பிடிக்காது. பிடித்துவிட்டால் கோடை உப்பையும் தாங்கும். துளிர் வந்த அன்று சிரித்தார்: "என்னண்ணே, இப்ப மூச்சு உடலாமா?"

அதன்பின் அந்தக் கரை எந்தப் புயலுக்கும் அசையவில்லை. நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏழுமலை.

அந்த அரிவாளை அவர் திரும்பக் கேட்கவில்லை. என்னிடம்தான் இருக்கிறது.

வாரிப்போட்ட குவியலின் அடியில் கிழங்குகள் இன்னும் ஈரமாக இருக்கின்றன. இயந்திரக்காரர் அதை லாரியில் ஏற்றக் கூடாது. பாத்திக்காரர்கள் இன்றே ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும். களை என்று எழுதியவர்கள் வந்து ஒரு தண்டைப் பிளந்து பார்க்க வேண்டும். முதல் மழை விழுந்ததும், கரை சரிவதற்குள், அவரை அறிந்த நாம் எல்லோரும் ஆளுக்கு ஒரு கிழங்கு நட வேண்டும். தண்டை நான் அறுத்துத் தருவேன், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் விட்டு.