எங்கள் வாசலில் துருவ ஒளி

போன மார்கழியில் சங்கரன்கோவிலில், எங்கள் வாசலிலேயே நடந்தது இது. எதிர்வீட்டு அண்ணன் ஆவணியில் திடீரென்று தவறிப்போனார். அதோடு மதினி பேச்சையே விட்டுவிட்டார். சமைப்பார், துவைப்பார், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். முன்பெல்லாம் அவர் மகளை ஏசுவது தெருமுக்கு வரை கேட்கும்.

அந்தப் பிள்ளையிடம் பள்ளியில் துருவ ஒளியைப் பற்றிப் படித்து, படமாக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். வடதுருவத்துப் பக்கம் இரவு வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் திரை மாதிரி அசையுமாம். "சூரியன்ல இருந்து வார துகள் நம்ம காத்துல மோதி ஒளிருது அத்தை" என்று எனக்கே பாடம் எடுத்தாள். சாயங்காலமானால் அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாளாம். "அம்மா நிமிந்துகூடப் பாக்க மாட்டேங்கா" என்றபோது அவள் உதடு துடித்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

அவளுக்கு அதைக் கோலமாகப் போட்டுப் படம் எடுக்க ஆசை. துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை கோலம் கிடையாதே! "எங்க வாசல்ல போடுவோம், வாட்டி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினோம். ராத்திரி வானம் கறுப்பாக வேண்டுமே என்று இஸ்திரிக் கடையில் கரித்தூள் வாங்கி சிமெண்டுத் தரையில் பரப்பினோம். "மார்கழியும் அதுவுமா வாசல்ல கரியா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் முகம் சுளித்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. அவள் பச்சைப் பொடியைத் தூவிக்கொண்டே போனாள். நானோ, கோலத்துக்குக் காவிப் பட்டை கட்டியே பழகின கை, கீழ் ஓரத்தில் சிவப்பை இழுத்துக்கொண்டே போனேன்.

"ஏட்டி!"

எதிர்வீட்டு வாசலில் மதினி நின்றார்.

"சிவப்பு உச்சியிலல்லா வரும்னு வாசிச்ச? அத்தை கீழ போடுதாவ, பாத்துக்கிட்டு நிக்கியே, கூறு இருக்கா ஒனக்கு?"

பிள்ளை ஒரு கணம் முழித்தாள். அப்புறம், "அத்தை, எங்கம்மா ஏசிட்டா!" என்று குதித்தாளே பார்க்கணும்! கையிலிருந்த பச்சை முழுக்க என் சேலையில். ஓடிப்போய் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதினியும் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். சிவப்பை மாற்றிப் போட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்கும் கண் தெரிந்தால்தானே.

துக்கத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கலாம், எல்லாம் அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும் என்பதை அந்தப் பிள்ளையிடம்தான் கற்றுக்கொண்டேன்.